குதிரையை ரோட்டில் ஓட்டிப் போக லைசென்ஸ் வேண்டுமா? எந்தப் பக்கம் போக வேண்டும்?

தென்னந்தோப்பு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தோட்டம். போன கோடையில் ஒரு குதிரை வாங்கினேன். பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுத்த தரோபிரெட், விதையடித்த ஆண், கரும்பழுப்பு நிறம். தோப்புக்குள் நன்றாகவே போகிறான், ஆனால் தோப்புக்குள் எத்தனை நாள்தான் சுற்றுவது. நண்பர் ஒருவர் தன் தோட்டத்தில் மணல் கொட்டி ஓட்டக்களம் போட்டிருக்கிறார். அங்கே போக வேண்டுமென்றால் மாநில நெடுஞ்சாலையில் மூன்று கிலோமீட்டர் போய்த்தான் ஆக வேண்டும். அந்த ரோட்டில் தேங்காய் லோடு லாரி, கல்குவாரி டிப்பர், டவுன் பஸ், மில் வேன் எல்லாம் வரும். லாரி ஏற்பாடு செய்து குதிரையை ஏற்றி இறக்கலாம்தான், ஆனால் மூன்று கிலோமீட்டருக்கு ஒவ்வொரு தடவையும் வாடகை கொடுக்கக் கட்டுப்படி ஆகாது.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஆர்டிஓ ஆபீசில் பர்மிஷன் வாங்கணும் என்கிறார் ஒருவர். நடந்து போகிறவர்கள் மாதிரி வலது ஓரமாக, வண்டிகளைப் பார்த்தபடிதான் போகணும், அப்போதுதான் குதிரைக்கு எதிரில் வருவது தெரியும் என்கிறார் இன்னொருவர். போலீஸ் பிடித்தால் குதிரையைப் பறிமுதல் செய்வார்கள் என்று மூன்றாவது ஆள் பயமுறுத்துகிறார். சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? அதைவிட முக்கியமாக, ரோட்டில் ஓட்டிப் பழக்கம் உள்ளவர்கள் என்ன செய்கிறீர்கள்?

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன், அப்புறம் வேறு பயம் காட்டுகிறேன்.

லைசென்ஸ் தேவையில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இயந்திர விசையால் ஓடும் வாகனத்துக்குத்தான் ஓட்டுநர் உரிமம், பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் கேட்கிறது. குதிரை அதில் வராது. ஆர்டிஓவுக்கும் உங்கள் குதிரைக்கும் சம்பந்தமே இல்லை. ஹெல்மெட் பிரிவும் மோட்டார் சைக்கிளுக்குத்தான். சாதாரணச் சாலையில் குதிரையில் போவது குற்றம் என்று எந்தப் பொதுச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்பிரஸ்வே போன்ற நுழைவுக் கட்டுப்பாடு உள்ள சாலைகள் வேறு. பெங்களூரு மைசூரு சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக், ஆட்டோ, டிராக்டரோடு மோட்டார் இல்லாத வண்டிகளையும் தடை செய்துவிட்டார்கள். நகரங்களில் சில இடங்களில் சிவப்பு வட்டத்துக்குள் குதிரை வண்டி போட்டுக் குறுக்கே கோடு இழுத்த பலகையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பலகை ஜட்காவுக்குத்தான், என்றாலும் அது இருக்கிற தெருவில் குதிரையோடு போய் வாதாட வேண்டாம்.

அதே சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக ஒரு விஷயம் இருக்கிறது, வக்கீல்களிலேயே பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். பிரிவு 132. ஒரு விலங்கை ஓட்டி வருகிறவர், இந்த வண்டியால் மிரண்டு விலங்கு கைமீறிப் போய்விடும் என்று அஞ்சி நிறுத்தச் சொன்னால், மோட்டார் வண்டிக்காரர் நிறுத்தியாக வேண்டும். விலங்கு என்றால் எது என்றும் அங்கேயே பட்டியல் போட்டிருக்கிறார்கள்: குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறியாடு, வெள்ளாடு. நாய் கிடையாது. ஆக, நீங்கள் கை காட்டினால் டிப்பர் நின்றே ஆக வேண்டும், சட்டப்படி. நிற்குமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

இப்போது பயம். மோட்டார் வாகனச் சட்டம் உங்களைத் தொடாது என்றாலும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா தொடும். பொதுவழியில் உயிருக்கு ஆபத்து வரும்படி வண்டி ஓட்டுவதற்கான பிரிவு 281, பழைய 279, அதில் வண்டி ஓட்டுவது மட்டுமல்ல, சவாரி செய்வதும் சேர்த்தே எழுதப்பட்டிருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தன் வசம் உள்ள விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பிரிவு 291, ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் வரை அபராதம். உங்கள் குதிரை மிரண்டு பைக்கில் வந்த ஒருவர் விழுந்து இறந்துவிட்டார், உங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று வந்தால் பிரிவு 106, ஐந்து வருடம் வரை போகலாம். நீங்கள் பைக்கில் போய் இடித்திருந்தால் நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனி தலையில் கட்டலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லை, சொந்தப் பணம்தான். குதிரைக்கு எடுக்கிற கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் குதிரை செத்தால் தருவது, அடுத்தவருக்கு அடிபட்டால் தருவதல்ல, பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. லாரி வந்து உங்கள் குதிரையை அடித்தால் அது உங்கள் சொத்துக்கு வந்த சேதம், மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கேட்கலாம். வாங்கிய ரசீது, கால்நடை மருத்துவர் சான்றிதழ், போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்திருங்கள்.

எந்தப் பக்கம்? இடது பக்கம்தான். இந்தியாவில் சாலையில் ஓடுவது எல்லாமே இடது. வலது பக்கம் போய் ஏதாவது நடந்தால், கோர்ட்டில் முதல் கேள்வியே அதுதான் வரும்.

---

பழைய சைஸ் எழுதியது:

தம்பி, வக்கீல் ஐயா சொன்னது சரி. நான் சைஸ், அதாவது குதிரை பராமரிப்பவன், லாயத்திலேயே தலை நரைத்தவன், அதனால் குதிரை பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வலது பக்கம் போகச் சொன்னவர் குதிரையைப் பற்றித் தெரியாமல் சொல்லியிருக்கிறார். எதிரில் வருவதைப் பார்க்க குதிரை அந்தப் பக்கமே போக வேண்டும் என்பதில்லை. அதன் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது, தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 350 டிகிரி தெரியும். தெரியாத இடம் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். பின்னால் வருகிற வண்டி அந்த இருட்டுப் பகுதிக்குள் ஒட்டியபடி வந்து திடீரென்று கண்ணோரத்தில் எட்டிப் பார்க்கும்போதுதான் குதிரை துள்ளும். அதனால் பின்னால் வண்டி வரும் சத்தம் கேட்டதுமே நீங்கள் திரும்பிப் பாருங்கள். குதிரையின் காதைப் பார்த்தாலும் போதும், ஒரு காது பின்னால் திரும்பினால் நமக்கு முன்பே அதற்குக் கேட்டுவிட்டது என்று அர்த்தம். இரண்டு காதும் முன்னால் விறைத்து நின்று கழுத்தும் உயர்ந்துவிட்டால் எதையோ முறைத்துப் பார்க்கிறது, அடுத்த நொடி என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

உங்களுடையது பந்தயக் குதிரை, அதுதான் எனக்குக் கவலை. கிண்டியிலும் ஊட்டியிலும் அந்தக் குதிரைகள் பார்த்ததெல்லாம் புல்தரையும் மணலும்தான். பக்கத்தில் ஒன்று வேகமாகத் தாண்டிப் போனால் விடாதே, துரத்து என்றுதான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். ரோட்டில் பைக் ஒன்று உர்ரென்று தாண்டும்போது அதற்கு அது பைக் இல்லை, பக்கத்துக் கேட்டிலிருந்து கிளம்பிய குதிரை. இதை முதலில் தோட்டத்துக்குள் சரி செய்யுங்கள். டிராக்டரை ஓடவிட்டு நிறுத்தி, குதிரையைக் கையில் பிடித்துச் சுற்றி நடத்துங்கள். அப்புறம் டிராக்டர் எதிரில் வரட்டும், அப்புறம் பின்னாலிருந்து வரட்டும், கடைசியில்தான் பைக். குடை விரிப்பது, தார்ப்பாய் படபடக்க உலுக்குவது, தகர டப்பா உருட்டுவது எல்லாம் பழக்குங்கள். மிரளாமல் நின்றால் உடனே தட்டிக்கொடுத்து நகர்த்திவிடுங்கள், இழுத்து வைத்து அடிக்காதீர்கள், அடித்தால் டிராக்டரும் வலியும் ஒன்று என்று பதிந்துவிடும்.

முதலில் சில தடவை தனியாக ரோட்டுக்கு எடுக்காதீர்கள். ரோடு பழகிய நிதானமான குதிரை ஒன்று வெளிப்பக்கம், அதாவது வண்டி வரும் வலப்பக்கமோ, இல்லை முன்னாலோ போக வேண்டும். ஜோடிக்குக் குதிரை கிடைக்காவிட்டால் ஒரு ஆள் சைக்கிளில் பின்னால் கொஞ்சம் தள்ளி வரட்டும், பைக் வேண்டாம்.

நடையில் மட்டும்தான். தாரில் ட்ராட், அதாவது குலுங்கு ஓட்டம் ஓட்டினால் கால் போச்சு, அதைவிட வேகமான கேண்டர் என்றால் சறுக்கல்தான். இரும்பு லாடமும் தேய்ந்து வழுவழுத்த தாரும் சேர்ந்தால், மழை தூறிய முதல் பத்து நிமிடத்தில் எண்ணெய்ப் பசை மேலே வந்து நிற்கும்போது, குதிரை நாலு காலும் பரப்பிக்கொண்டு விழும். பந்தயத்தில் இருந்தபோது அலுமினிய லாடம் போட்டிருப்பார்கள், அது ரோட்டில் சீக்கிரம் கரைந்துவிடும், மாற்றிவிட்டீர்களா? லாடக்காரரிடம் சொன்னால் டங்ஸ்டன் முனை வைத்த ஆணி அடித்துக் கொடுப்பார், பிடிப்பு கிடைக்கும். வேகத்தடையின் வெள்ளைப் பெயின்ட், பாலத்து இரும்புப் பட்டை, சாக்கடை மூடி, வைக்கோல் காயப்போட்ட இடம், இதெல்லாம் வழுக்கும். வெள்ளைக் கோட்டைப் பள்ளம் என்று நினைத்து அப்படியே நின்றுவிடுகிற குதிரையும் உண்டு, தாண்டிக் குதிப்பதும் உண்டு, இரண்டுக்கும் தயாராக உட்காருங்கள்.

இடப்பக்க ஓரத்தில் எதைக் கண்டோ மிரண்டால் எல்லோரும் செய்வது தலையை அதன் பக்கம் திருப்பி, பார் பார் ஒன்றுமில்லை என்று காட்டுவது. அப்படித் திருப்பினால் பின்பகுதி ரோட்டு நடுவே பெருக்கிக்கொண்டு போகும், அங்கேதான் பஸ் வருகிறது. தலையை லேசாக வலப்பக்கம் திருப்பி, வலது காலால் விலாவை அணைத்து, உடம்பு இடது பக்கம் ஒண்டியபடியே கடத்திக்கொண்டு போங்கள். இதைத் தோட்டத்தில் ஒரு சாக்குப்பை வைத்துப் பழகிவிட்டுத்தான் கேட்டைத் திறக்க வேண்டும்.

---

தென்னந்தோப்பு எழுதியது:

ரொம்ப நன்றி இருவருக்கும். வக்கீல் சார், 132ஆம் பிரிவைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், யானைக்கும் இதே உரிமை என்றதும் என் மகளுக்குத்தான் ஏக சந்தோஷம். ஐயா, லாடம் மாற்றியாகிவிட்டது, ஆணி போடவில்லை, கேட்கிறேன். இரண்டு சந்தேகம்: மிரள ஆரம்பித்தால் இறங்கிக் கையில் பிடித்துக்கொள்வது நல்லதா? அப்புறம் பைக் ஹெல்மெட் போதுமா?

---

பழைய சைஸ் எழுதியது:

இறங்குவது என்றால் வண்டி தூரத்தில் இருக்கும்போதே இறங்க வேண்டும். துள்ள ஆரம்பித்த பிறகு ஒரு கால் அங்கவடியிலும் (சேணத்தில் தொங்கும் கால்மிதி) ஒரு கால் அந்தரத்திலும் இருக்கிற நேரம்தான் ரொம்ப ஆபத்து. மேலே இருந்தால் உங்களிடம் இரண்டு கால், இரண்டு கை, உடம்பு எடை எல்லாம் இருக்கிறது. கீழே இருந்தால் ஒரு கயிறுதான். இறங்கி நடத்துவதானால் குதிரை இடப்பக்கம் ஓரத்தில், நீங்கள் அதன் வலப்பக்கம், வண்டிக்கும் குதிரைக்கும் நடுவில். நம் ஆட்கள் குதிரையின் இடது தோளுக்குப் பக்கத்தில் நடந்தே பழகியவர்கள், ரோட்டுக்காக அதை மாற்றிப் பழக வேண்டும், குதிரைக்கும் அது புதிதாக இருக்கும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், சுற்றியவன் விரல் போய்விடும்.

பைக் ஹெல்மெட் வேண்டாம். கனம் அதிகம், பின்னால் வரும் சத்தமும் கேட்காது, பக்கமும் தெரியாது. சவாரிக்கென்றே ஹெல்மெட் இருக்கிறது, உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப்1163 என்று அச்சடித்த ஸ்டிக்கர் இருந்தால் வாங்குங்கள். ஒரு தடவை பலமாக அடி வாங்கியதைத் திரும்பப் போடக் கூடாது. செருப்பு போட்டுக்கொண்டு ஏறவே ஏறாதீர்கள். குதிகால் வைத்த ஷூ இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் முழுதாக நுழைந்துவிடும், விழுந்தால் இழுத்துக்கொண்டு ஓடும்.

---

பதினாறு சக்கரம் எழுதியது:

அண்ணா, நான் லாரி ஓட்டுறவன். யாரும் எங்களைக் கேட்கலை, ஆனாலும் சொல்றேன்.

132 கிரிமினல் சட்டமா மோட்டார் சட்டமா தெரியாது, எந்த டிரைவருக்கும் அது தெரியாது, லைசென்ஸ் எடுக்கும்போதும் யாரும் சொன்னதில்லை. ஆனா குதிரைக்காரர் கையை உயர்த்தி, உள்ளங்கையைக் காட்டி, மெதுவா மெதுவான்னு கீழே அமுக்கினா நாங்க மெதுவாக்குவோம். மாட்டுக்காரங்களுக்கு அப்படித்தான் செய்றோம். கையைக் காட்டாம நீங்க பாட்டுக்குப் போனா குதிரை பழகினதுன்னு நினைச்சு அப்படியே போயிடுவோம். லோடு ஏத்தின வண்டி நினைச்ச இடத்துல நிக்காது, அதனால கை காட்டுறதை முன்னாடியே காட்டுங்க, பக்கத்துல வந்த பிறகு காட்டாதீங்க.

இன்னொண்ணு. நாங்க நல்லவங்களா இருந்து நிறுத்தினாலும் உங்களுக்கு ஆபத்து இருக்கு. ஏர் பிரேக் விடும்போது புஸ்ஸுனு காத்து வெளியே வரும். ஹாரன் அடிச்சதுக்கு மிரளாத காளைகூட அந்தச் சத்தத்துக்குத் தாவினதைப் பார்த்திருக்கேன். நான் நின்னுட்டேன்னா, என்னைத் தாண்டிப் போகச் சீக்கிரம் பண்ணாதீங்க, அந்தப் புஸ் அடங்கட்டும். தார்ப்பாய்க் கயிறு அவிழ்ந்து அடிச்சுக்கிட்டு வர்ற வண்டியைப் பார்த்தா ரோட்டை விட்டே இறங்கிடுங்க.

கேபின்ல உட்கார்ந்தா இடப்பக்கம் வண்டியை ஒட்டி என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது, கண்ணாடியில தெரியறது கொஞ்சம்தான். சிக்னல்லயோ வளைவுலயோ லாரியோட இடப்பக்கச் சந்துக்குள்ள குதிரையை விடவே விடாதீங்க.

ராத்திரி பத்தி நீங்க கேட்கலை. கரும்பழுப்புக் குதிரைன்னு எழுதியிருக்கீங்க. எதிர்ல வர்றவன் ஹைபீம் போட்டு வந்தா அந்தக் குதிரை எனக்குத் தெரியவே தெரியாது. டிம்ல வந்தா வெளிச்சம் தரையை ஒட்டித்தான் விழும், அதனால நீங்க சட்டைக்கு மேல போட்டுக்கிற ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டைவிட குதிரை கால்ல சுத்துற பட்டைதான் முதல்ல கண்ணுல படும். அதுவும் கால் நகர்ந்துகிட்டே இருக்கிறதால ஏதோ உயிருள்ளது போகுதுன்னு புரியும். காராயிருந்தா இன்னும் மோசம், பம்பர் கால்லதான் அடிக்கும், நானூறு ஐநூறு கிலோ உடம்பு அப்படியே கண்ணாடி மேல வந்து விழும். உங்க உயிர் மட்டுமில்ல, உள்ள இருக்கிறவங்க உயிரும் போகும். விடிஞ்சு போங்க, பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க.

---

ஹாரோக்காரன் எழுதியது:

லண்டனிலிருந்து. இங்கே கிராமப்புற ரோடுகளில் குதிரை சாதாரணம், அதனால் கார் ஓட்டுகிறவனாக நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஹைவே கோட், அதாவது இங்கத்திய சாலை விதிப் புத்தகம், 2022 ஜனவரியில் மாறியபோது குதிரையைத் தாண்டும் கணக்கை எழுத்தில் போட்டுவிட்டார்கள்: மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக் கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும். 10 மைல் என்றால் 16 கிலோமீட்டர், கிட்டத்தட்ட முதல் கியர். ஹாரன் அடிக்கக் கூடாது, எஞ்சினை உறுமவிடக் கூடாது. சவாரி செய்கிறவருக்கும் விதி உண்டு. இடப்பக்கம் போக வேண்டும், நடைபாதையிலோ சைக்கிள் பாதையிலோ ஏற்றக் கூடாது, இரண்டு பேருக்கு மேல் பக்கம் பக்கமாகப் போகக் கூடாது. மேலே சைஸ் ஐயா சொன்ன அதே விஷயம், கையில் பிடித்து நடத்தினால் குதிரை இடப்பக்கம், ஆள் நடுவில் என்பது இங்கே அச்சில் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் ரோட்டில் சவாரி செய்தால் ஹெல்மெட் கட்டாயம், அதற்கு 1990இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

வேடிக்கை ஒன்று: குடித்துவிட்டுக் குதிரையோடு ரோட்டுக்கு வந்தால் 1872ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது, அதில் குதிரை, மாடு, நீராவி எஞ்சின் மூன்றையும் ஒரே வரியில் வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கும். வண்டி மெதுவாக்கித் தாண்டினால் குதிரையில் இருப்பவர் கையை உயர்த்தியோ தலையை அசைத்தோ நன்றி சொல்வார். இரண்டு கையும் கடிவாளத்தில் இருந்தால் ஒரு தலையசைப்பு. அடுத்த தடவை அந்த டிரைவர் தானாகவே மெதுவாக்குவான். உங்கள் மூன்று கிலோமீட்டரில் ஓடுவது பெரும்பாலும் அதே பஸ், அதே மில் வேன்தானே, இது வேலை செய்யும்.

---

சும்மா ஒரு கருத்து எழுதியது:

மன்னிக்கணும், நான் கொஞ்சம் கடுப்பாகவே சொல்கிறேன். இங்கிலாந்துக் கதையெல்லாம் இங்கே எதற்கு? 2 மீட்டர் விடுவதற்கு நம் ரோட்டில் ஏது 2 மீட்டர்? 2019இல் திருச்சூர் பக்கம் ஒரு பள்ளி மாணவி குதிரையில் பரீட்சைக்குப் போன வீடியோ, 2024 ஜனவரியில் லாரி ஸ்டிரைக்கில் பெட்ரோல் இல்லாமல் ஹைதராபாத்தில் ஒரு இளைஞர் குதிரையில் சாப்பாடு டெலிவரி செய்த வீடியோ, இதையெல்லாம் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் குதிரை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையன்கள் பைபாஸில் ரேஸ் விடுகிறார்கள், கூடவே பத்துப் பைக் ஹாரன் அடித்துக்கொண்டு, செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு. வாயில் நுரை தள்ளி ஓடுகிற குதிரையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மும்பையில் விக்டோரியா வண்டிகளையே 2015இல் ஹைகோர்ட் சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. காலம் மாறிவிட்டது, குதிரைக்கு ரோடு இடம் இல்லை. வாடகை கொடுத்து ஏற்றிக்கொண்டு போங்கள்.

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

மும்பை வழக்கு ஜாலி சவாரிக்காக நகரத்துக்குள் குதிரை வண்டி ஓட்டுவதைப் பற்றியது, தோட்டத்துக்காரர் தன் குதிரையில் போவதைப் பற்றியது அல்ல. இரண்டையும் கலக்க வேண்டாம். ஆனால் பைபாஸ் ரேஸ் விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அது 281 மட்டுமல்ல, 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 11இல் அடிப்பது, உதைப்பது ஆகியவற்றோடு அளவுக்கு மீறிச் சவாரி செய்வதும் வதை என்றே இருக்கிறது. பாரமிழுக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளில் இன்னும் தெளிவாக, 37 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை வண்டி இழுக்கவோ பாரம் சுமக்கவோ விடக் கூடாது என்று இருக்கிறது. அந்த விதி சவாரிக்கு நேராகப் பொருந்துமா என்று நீதிமன்றத்தில் வாதாடலாம், ஆனால் ஏப்ரல் மாத மதியத் தாரில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவருக்கு வாதம் தேவைப்படாது.

---

பழைய சைஸ் எழுதியது:

கருத்துச் சொன்ன தம்பிக்கு: ஏற்றிக்கொண்டு போகச் சொல்வது சுலபம். குதிரை ஏற்றத் தோதில்லாத மினி லாரியில், பலகை சாய்த்து, கயிறு கட்டி ஏற்றி இறக்குவதில் கால் உடைந்த குதிரைகள் எனக்குத் தெரியும். மூன்று கிலோமீட்டருக்கு அது ரோட்டைவிடப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் குதிரையும் ரோட்டுக்கு ஆகாது என்பது உண்மை. சிலது எத்தனை பழக்கினாலும் லாரியைக் கண்டால் கண் வெள்ளை தெரிய நிற்கும், உடம்பெல்லாம் வேர்க்கும். அப்படிப்பட்டதைத் தோப்போடு விட்டுவிட வேண்டியதுதான், வீம்பு கூடாது. அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கும்போதே ஆர்கெஸ்ட்ரா மைக் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், காரணம் இதுதான்.

யாரும் நாயைப் பற்றிச் சொல்லவில்லையே. லாரியைவிட எனக்கு அதுதான் தொல்லை. தெருநாய் குரைத்துக்கொண்டு பின்னங்காலுக்கு வந்தால் குதிரையை ஓடவிடாதீர்கள், ஓடினால் கூட்டம் சேரும். நிறுத்தி, ரோட்டில் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, குதிரையை நாயைப் பார்த்துத் திருப்புங்கள். எதிரில் அவ்வளவு பெரிய முகம் தெரிந்ததும் நாய் பெரும்பாலும் பின்வாங்கும். நீங்கள் போகும் வழியில் எந்த வீட்டில், எந்தக் கடையில் நாய் இருக்கிறது என்று முதலில் ஒரு தடவை நடந்தே போய்ப் பாருங்கள். கறிக்கடை ரோட்டோரம் இருந்தால் அங்கே கட்டாயம் கூட்டம் இருக்கும்.

---

தென்னந்தோப்பு எழுதியது:

நேற்று மாலை நடந்தே போய்ப் பார்த்தேன். இரண்டு வேகத்தடை, ஒரு குறுகல் பாலம், கோழிக்கடை ஒன்று, அதன் வாசலில் படுத்திருக்கிற நாய்கள். பாலத்தில் பஸ்ஸும் குதிரையும் ஒரே நேரத்தில் போக இடமே இல்லை. வளைவுக்குப் பிறகுதான் பாலம், எதிரில் வருவது கடைசி வரை தெரியாது. அதைப் பார்த்த பிறகு எனக்கே தயக்கம் வந்துவிட்டது. இன்னொரு வழி இருக்கிறது: பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் மேட்டிலேயே போனால் பாலத்தைத் தவிர்த்து நண்பர் தோட்டத்துக்குப் பின்பக்கமாக ஏறிவிடலாம், ரோட்டில் அரைக் கிலோமீட்டர்தான் வரும். மண் பாதை, ஆனால் சுற்று. வாய்க்கால் மேட்டில் குதிரை போகலாமா வக்கீல் சார்?

---

கறுப்புக்கோட்டு எழுதியது:

வாய்க்கால் கரை நீர்வளத் துறையின் இடம், பொதுச் சாலை இல்லை. ஊர்க்காரர்கள் மாடு ஓட்டுகிறார்கள், பைக்கில் போகிறார்கள் என்பதால் உரிமை வந்துவிடாது, ஆனால் யாரும் தடுப்பதும் இல்லை. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளருக்கு ஒரு பக்க மனு எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மறுக்கட்டும், நீங்கள் கேட்டதற்கு ஒரு தாள் இருக்கும். கரை உடைந்தால் குதிரைக் குளம்பு மேல் பழி வரலாம், ஆகவே மழை பெய்து கரை ஊறியிருக்கும் நாட்களில் போகாதீர்கள்.

---

பழைய சைஸ் எழுதியது:

மேட்டிலேயே போங்கள் தம்பி. தண்ணீர் திறந்துவிட்ட நாளில் மட்டும் மதகுப் பக்கம் இரைச்சலாக இருக்கும், முதல் தடவை தண்ணீர் இல்லாத நாளில் போய்ப் பழக்குங்கள். அந்த அரைக் கிலோமீட்டர் ரோட்டுக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். டங்ஸ்டன் ஆணி போடும் லாடக்காரர் உடுமலைப் பக்கம் ஒருவர் இருக்கிறார், தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.